கெபாசிட்டருக்குக் காசு கொடுக்கும் முன்...

கம்ப்யூட்டரில் பாட்டு கேட்பவர்களில் ஒரு பிரிவினர், கடையில் வாங்கிய கருவியின் ஒலியோடு திருப்தி அடைவதில்லை. சவுண்ட் கார்டைக் கழற்றிப் பார்ப்பார்கள். ஆம்ப்ளிஃபையரின் மூடியைத் திறப்பார்கள். சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தவுடன் இவர்களுக்குக் கிடைக்கும் முதல் ஆலோசனை ஒன்று உண்டு. "உள்ளே இருக்கும் கெபாசிட்டரை எல்லாம் எடுத்துவிட்டு, ஆடியோ கிரேட் கெபாசிட்டர் போடுங்கள். ஒலி வேறு மாதிரி ஆகிவிடும்."

நான் மின்னணுவியல் படித்துவிட்டு மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவன். சிறிய ஆம்ப்ளிஃபையர்களைக் கட்டுவதும், பழுதானவற்றைச் சரி செய்வதும் என் விடுமுறை நாள் பொழுதுபோக்கு. இந்த ஆலோசனையைக் கேட்டு, ஆம்ப்ளிஃபையரின் விலையில் பாதியைக் கெபாசிட்டருக்கே செலவழித்த கல்லூரி மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே பணத்தில் அவர்கள் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கியிருக்கலாம். எனவேதான் இந்தக் கட்டுரை.

"கெபாசிட்டர் எல்லாம் ஒன்றுதான், எதைப் போட்டாலும் வித்தியாசம் இல்லை" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறு. கெபாசிட்டரின் வகை ஒலியைப் பாதிக்கும் இடங்கள் உண்மையிலேயே உள்ளன. ஆனால் அந்த இடங்கள் சில மட்டுமே. அவற்றுக்கு ஏற்ற கெபாசிட்டர்கள் பெரும்பாலும் சில ரூபாய்களிலேயே கிடைக்கின்றன. என் கருத்து இதுதான்: முதலில் இடத்தைப் பாருங்கள், அடுத்து வகையைப் பாருங்கள். பிராண்ட் பெயரைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

சிக்னல் பாதையில் இதற்கு என்ன வேலை?

மின்விசிறிக் கடைகளில் கண்டென்சர் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுவும் கெபாசிட்டர்தான். ஆடியோ சிக்னல் செல்லும் பாதையில் இதற்கு இரண்டு முக்கிய வேலைகள் உள்ளன.

முதல் வேலை கப்ளிங். ஒரு சர்க்யூட்டிலிருந்து அடுத்த சர்க்யூட்டுக்குப் பாட்டை மட்டும் அனுப்பி, டிசி மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது. இது சரியாக நடக்காவிட்டால் ஹெட்போனுக்குள் டிசி புகுந்துவிடும். வால்யூமைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வரும். வால்யூம் கன்ட்ரோல் தேய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் பல கருவிகளில், அதற்கு முன்னால் உள்ள கெபாசிட்டர் கசிந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது வேலை ஃபில்டர். பாஸ், ட்ரெபிள் கன்ட்ரோல்கள், ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் கிராஸ் ஓவர், சப்-வூஃபருக்குத் தாழ்ந்த ஒலியை மட்டும் பிரித்து அனுப்பும் பகுதி ஆகியவை இதில் அடங்கும்.

இவை தவிர, சர்க்யூட் போர்டில் நீங்கள் காணும் பெரும்பாலான கெபாசிட்டர்கள் பவர் சப்ளையைச் சேர்ந்தவை. அவற்றின் வழியாகப் பாட்டு நேரடியாகச் செல்வதில்லை. எல்லாவற்றையும் மாற்று என்னும் ஆலோசனையின் முதல் கோளாறு இந்த வேறுபாட்டைக் கவனிக்காததுதான்.

சிதைவு எப்போது வருகிறது?

கெபாசிட்டர் தன் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்திற்கு ஏற்பத் தன் மதிப்பைச் சற்றே மாற்றிக் கொண்டால், சிக்னலில் இல்லாத புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. இதைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறோம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கெபாசிட்டரின் குறுக்கே சிக்னல் மின்னழுத்தம் விழுந்தால்தான் இந்தச் சிதைவு வரும். சிக்னல் முழுவதும் அதைக் கடந்து அடுத்த பகுதிக்குப் போய்விட்டால், சிதைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 கிலோ ஓம் உள்ளீடு கொண்ட ஒரு ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் 1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் இருக்கிறது. 20 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 1 வோல்ட் சிக்னல் கொடுத்தால், அதில் சுமார் 0.6 வோல்ட் கெபாசிட்டரின் குறுக்கே நிற்கும். அதே இடத்தில் 22 மைக்ரோ ஃபாரட் வைத்தால் 0.036 வோல்ட் மட்டுமே நிற்கும். கெபாசிட்டரின் வகையை மாற்றாமல், மதிப்பை மட்டும் உயர்த்தியே பிரச்சினையை ஏறக்குறைய ஒழித்துவிட்டோம்.

இதை நீங்களே சோதிக்கலாம். சவுண்ட் கார்டின் லைன் அவுட்டிலிருந்து லைன் இன்னுக்கு, நடுவில் கெபாசிட்டரை வைத்து இணையுங்கள். லைன் இன் பக்கத்தில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை கிரவுண்டுக்கு இணையுங்கள். ரூம் ஈக்யூ விசார்ட் என்னும் இலவச மென்பொருளில் 20 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து, திரையில் ஹார்மோனிக்குகளைக் கவனியுங்கள். நான் செய்தபோது 1 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கில் மூன்றாவது ஹார்மோனிக் தெளிவாக எழுந்து நின்றது. 22 மைக்ரோ ஃபாரட் போட்டவுடன் அது சவுண்ட் கார்டின் சொந்தச் சிதைவுக்குள் மறைந்துவிட்டது. இரண்டும் ஒரே நிறுவனத்தின் சாதாரணக் கெபாசிட்டர்களே.

இந்தச் சர்ச்சை புதிதும் அல்ல. 1980ல் வால்ட் ஜங், ரிச்சர்ட் மார்ஷ் ஆகிய இருவரும் அமெரிக்காவின் ஆடியோ என்னும் பத்திரிகையில் கெபாசிட்டர் தேர்வு பற்றி எழுதிய கட்டுரைகள் இந்த விவாதத்தைப் பரவலாக்கின. பின்னர் 2002, 2003 ஆண்டுகளில் சிரில் பேட்மேன் என்பவர் எலக்ட்ரானிக்ஸ் வேர்ல்டு பத்திரிகையில் பல வகைக் கெபாசிட்டர்களின் சிதைவை அளந்து தொடராக எழுதினார். டக்ளஸ் செல்ஃப் தன் ஆடியோ டிசைன் நூல்களில் இதே விஷயத்தை அளவுகளோடு விளக்கியுள்ளார். கருவி வைத்து அளக்கக்கூடிய ஒன்றுக்கு, "இனிமை", "உயிரோட்டம்" என்ற விளம்பரச் சொற்கள் தேவையில்லை.

செராமிக்: ஒரே பெயர், இரண்டு குணம்

செராமிக் கெபாசிட்டர் ஆடியோவுக்கு ஆகாது என்று பொதுவாகச் சொல்வார்கள். இது பாதி உண்மை. செராமிக்கில் இரு பிரிவுகள் உள்ளன.

சி0ஜி அல்லது என்பி0 எனப்படும் முதல் வகை மிகவும் நிலையானது. ஒரு டிகிரி செல்சியஸ் வெப்ப மாற்றத்திற்கு இதன் மதிப்பு பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேல் மாறாது. மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மதிப்பு அப்படியே இருக்கும். சிறிய மதிப்புகளுக்கு இதைவிட நல்ல கெபாசிட்டரைத் தேட வேண்டியதில்லை.

எக்ஸ்7ஆர், எக்ஸ்5ஆர், ஒய்5வி போன்றவை இரண்டாம் வகை. இவற்றில் பேரியம் டைட்டனேட் என்னும் பொருள் பயன்படுத்தப்படுகிறது. சிறிய உடலில் அதிக மதிப்பு கிடைக்கும். ஆனால் டிசி மின்னழுத்தம் கொடுத்தால் மதிப்பு கணிசமாகக் குறையும். ஒய்5வி வகையில் வெப்பநிலை மாற்றத்தாலேயே மதிப்பு 82 சதவீதம் வரை குறைய அனுமதி உண்டு. மேலும் இப்பொருள் அழுத்தத்திற்கு மின்சாரத்தை உருவாக்கும் குணம் கொண்டது. போர்டை விரலால் தட்டினால் ஸ்பீக்கரில் "டொக்" என்று கேட்கும் அளவுக்கு, சில சர்க்யூட்டுகளில் இது மைக் போலவே வேலை செய்யும்.

டோன் கன்ட்ரோல், ஃபில்டர் ஆகிய இடங்களில் கெபாசிட்டரின் குறுக்கே சிக்னல் விழுந்தே தீரும். ஃபில்டரின் வேலையே அதுதான். அங்கே எக்ஸ்7ஆர் போட்டால் சிதைவு நிச்சயம். விலை மலிவான ஆம்ப்ளிஃபையர் போர்டுகளில் இதைத் தாராளமாகக் காணலாம். மாற்ற வேண்டுமானால் முதலில் இவற்றை மாற்றுங்கள். பவர் சப்ளையில், ஐசியின் காலுக்கு அருகில் இருக்கும் எக்ஸ்7ஆரைத் தொடாதீர்கள். அங்கே அதுதான் சரியான தேர்வு.

ஃபிலிம்: ஃபில்டருக்கு ஏற்றது

பிளாஸ்டிக் படலத்தைச் சுருட்டிச் செய்யப்படுபவை ஃபிலிம் கெபாசிட்டர்கள். வீட்டு உபயோகத்தில் இரண்டு வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

பாலியெஸ்டர் மலிவானது, சிறியது, எங்கும் கிடைப்பது. கப்ளிங் வேலைக்கு இது தாராளமாகப் போதும். பாலிப்ரோப்பிலின் சற்றுப் பெரியது, விலையும் கூடுதல், ஆனால் சிதைவு இன்னும் குறைவு. ஃபில்டரிலும் ஸ்பீக்கர் கிராஸ் ஓவரிலும் இதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் போகாது. பழைய ரேடியோக்களில் காணப்படும் பாலிஸ்டைரின் வகையும் தரமானதே. ஆனால் சால்டரிங் சூட்டில் எளிதில் உருகிவிடும்.

ஃபிலிம் போட வேண்டும் என்ற ஆசையில் இடம் கொள்ளாத பெரிய உருளைகளைக் கம்பி நீட்டிப் பொருத்துபவர்கள் உண்டு. இது ஆபத்து. பெரிய உடலும் நீண்ட கம்பியும் அருகில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் இரைச்சலை ஆண்டெனா போல இழுக்கும். செலவழித்த பிறகு "ம்ம்ம்" என்ற ஹம் சத்தம்தான் மிஞ்சும்.

எலக்ட்ரோலிட்டிக்: தள்ளி வைக்க வேண்டாம்

அதிக மதிப்பு தேவைப்படும் இடத்தில் எலக்ட்ரோலிட்டிக்கைத் தவிர்க்க முடியாது. தவிர்க்கவும் வேண்டாம். மேலே பார்த்தபடி, மதிப்பைத் தாராளமாக வைத்தால் அது கப்ளிங் வேலையை ஒழுங்காகச் செய்யும்.

ஹெட்போன் இணைப்பில் இது இன்னும் முக்கியம். 32 ஓம் ஹெட்போனுக்கு முன்னால் 100 மைக்ரோ ஃபாரட் இருந்தால், சுமார் 50 ஹெர்ட்ஸிலேயே தாழ்ந்த ஒலி குறையத் தொடங்கியிருக்கும். 470 மைக்ரோ ஃபாரட் வைத்தால் இந்த எல்லை 11 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். "கெபாசிட்டர் மாற்றியதும் பாஸ் கூடிவிட்டது" என்று மகிழ்பவர்கள், பிராண்டோடு சேர்த்து மதிப்பையும் மாற்றினார்களா என்று பாருங்கள். பாஸ் கூடியதற்கு மதிப்பே காரணமாக இருக்கலாம். மதிப்பை அளவுக்கு மீறி ஏற்றினால், ஸ்விட்ச் போடும்போது வரும் "டப்" சத்தம் பெரிதாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போலாரிட்டி சரியாக இருக்க வேண்டும். டிசி எந்தப் பக்கம் வரும் என்று தெரியாத இடத்தில் பைபோலார் வகையைப் பயன்படுத்துங்கள். டான்டலம் வகையைச் சிக்னல் பாதையில் தவிர்ப்பது நல்லது. தலைகீழ் மின்னழுத்தத்தை அது தாங்காது.

பெரிய எலக்ட்ரோலிட்டிக்கின் மேல் 0.1 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் ஒன்றை இணையாகச் சேர்க்கும் வழக்கமும் பரவலாக உள்ளது. 20 கிலோ ஹெர்ட்ஸில்கூட அந்த 0.1 மைக்ரோ ஃபாரட் சுமார் 80 ஓம் தடை கொடுக்கும். பக்கத்தில் உள்ள 22 மைக்ரோ ஃபாரட் 0.4 ஓம் அளவே கொடுக்கும். எலக்ட்ரோலிட்டிக்கின் உள் தடையையும் சேர்த்துப் பார்த்தாலும், சிக்னல் எந்த வழியில் போகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

தங்க நிற உறைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

2010களிலிருந்து மதர்போர்டு பெட்டிகளின் மேல் "ஆடியோ கெபாசிட்டர்" என்று பெரிதாக அச்சிடுகிறார்கள். உள்ளே தங்க நிற உறையில் நாலைந்து கெபாசிட்டர்கள் வரிசையாக நிற்கும். நிச்சிகான், எல்னா போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் ஆடியோவுக்கென்றே தனி வரிசைகளைத் தயாரிப்பது உண்மை. எல்னாவின் சில்மிக் வகையில் பட்டு நார் கலந்த காகிதம் பயன்படுத்தப்படுகிறது. இவை நன்றாகச் செய்யப்பட்ட பொருட்கள்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் மதர்போர்டில் கேட்கும் இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டும், பவர் சர்க்யூட்டும், கிரவுண்ட் அமைப்பும்தான். மவுஸை நகர்த்தும்போது ஸ்பீக்கரில் வரும் கிறீச் ஒலியைத் தங்க நிறம் நிறுத்தாது. மேலும், இன்றைய பல ஹெட்போன் ஐசிகள் வெளியீட்டில் கெபாசிட்டரே தேவைப்படாத முறையில் வடிவமைக்கப்பட்டுள்ளன. அங்கே மாற்றுவதற்கே ஒன்றும் இல்லை.

புகழ்பெற்ற பெயர்களுக்குப் போலிகளும் அதிகம். உறையின் நிறத்தையும் எழுத்தையும் அச்சிடுவது எளிது. நம்பகமான விநியோகஸ்தரிடம் வாங்கிய சாதாரணக் கெபாசிட்டர், எங்கிருந்து வந்தது என்று தெரியாத "ஆடியோ கிரேட்" கெபாசிட்டரைவிட மேலானது.

உண்மையான எதிரி வெப்பம்

பிராண்டைப் பார்ப்பவர்கள் அதன் அருகிலேயே அச்சிட்டிருக்கும் 85 அல்லது 105 என்ற எண்ணைப் பார்ப்பதில்லை. அது தாங்கும் வெப்பநிலை. எலக்ட்ரோலிட்டிக்கின் உள்ளே திரவம் உள்ளது. அது மெல்ல மெல்ல வற்றும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு.

ஆம்ப்ளிஃபையரின் உள்ளே 65 டிகிரி வெப்பம் என்று வைத்துக்கொள்வோம். 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறிப்பிட்ட கெபாசிட்டர் சுமார் 8000 மணி நேரம் வரும். தினமும் 5 மணி நேரம் பாட்டு கேட்டால் நாலரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறிப்பிட்டது 32,000 மணி நேரம் வரும். அதாவது 17 ஆண்டுகளுக்கு மேல். இரண்டுக்கும் விலை வித்தியாசம் மிகக் குறைவு. நம் ஊர் கோடைக்கு இந்த எண்தான் முதல் தகுதி.

எனவே, பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த ஆம்ப்ளிஃபையரில் எலக்ட்ரோலிட்டிக்குகளை மாற்றியதும் ஒலி நன்றாகிவிட்டது என்றால் அதை நான் நம்புகிறேன். வற்றிப்போன பழையது போய், புதியது வந்ததே அதற்குக் காரணம். 105 டிகிரி கொண்ட சாதாரணக் கெபாசிட்டரும் அதே பலனைத் தந்திருக்கும். தூக்கிப் போட இருந்த ஒரு கருவி சில நூறு ரூபாயில் பிழைத்தது என்றால், அதுதான் கெபாசிட்டர் மாற்றுவதன் உண்மையான லாபம்.

காதுக்கு ஒரு தேர்வு

"அளவுகள் எதையாவது சொல்லட்டும், என் காது சொல்கிறதே" என்பது அடுத்த வாதம். காதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. எது மாற்றப்பட்டது, அதற்கு எவ்வளவு செலவானது என்பது தெரியாத நிலையில் அந்தக் காது சொல்லட்டும் என்கிறேன்.

மாற்றுவதற்கு முன்பும் பின்பும் ஒரே பாடலைக் கருவியின் வழியாக வேவ் ஃபைலாகப் பதிவு செய்யுங்கள். இரண்டின் ஒலி அளவையும் துல்லியமாகச் சமப்படுத்துங்கள். சற்று உரக்க ஒலிப்பதே நல்லது என்று நமக்குத் தோன்றும் என்பதால் இது அவசியம். பிறகு ஃபூபார்2000 பிளேயரில் ஏபிஎக்ஸ் என்னும் கூடுதல் வசதியை நிறுவி, 16 முறை கேட்டுப் பாருங்கள். 12 முறை சரியாகச் சொன்னால், அது வெறும் அதிர்ஷ்டத்தால் நடந்திருக்க 4 சதவீதத்திற்கும் குறைவான வாய்ப்பே உண்டு. வெற்றி பெற்றால் தாராளமாகச் செலவு செய்யுங்கள். எட்டு, ஒன்பது என்று வந்தால் பர்ஸை மூடிவிடுங்கள்.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு ஒரு பழக்கம் கற்றுத் தரப்படும். புரோகிராம் மெதுவாக ஓடினால், எந்த வரியில் நேரம் செலவாகிறது என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையருக்கும் அதே பழக்கம் பொருந்தும்.

வாங்கும் முன் கவனிக்க:

1. ஃபில்டர், டோன் கன்ட்ரோல்: சிறிய மதிப்பு என்றால் சி0ஜி, மற்றதற்கு பாலிப்ரோப்பிலின்.

2. 47 கிலோ ஓம் போன்ற உயர்ந்த உள்ளீட்டுக்கு முன் கப்ளிங்: 1 முதல் 2.2 மைக்ரோ ஃபாரட் பாலியெஸ்டர்.

3. 10 கிலோ ஓம் அல்லது அதற்குக் குறைவு: 22 மைக்ரோ ஃபாரட் அல்லது அதற்கு மேல் எலக்ட்ரோலிட்டிக்.

4. ஹெட்போன் வெளியீடு: 470 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்.

5. எல்லா எலக்ட்ரோலிட்டிக்கும்: 105 டிகிரி. வோல்ட் அளவு பழையதற்குச் சமம் அல்லது கூடுதல்.

6. ஸ்விட்ச் மோட் பவர் சப்ளையில் உள்ள பெரிய கெபாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். முறையாக டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். மெயின்ஸ் லைனில் உள்ள எக்ஸ், ஒய் பாதுகாப்புக் கெபாசிட்டர்களுக்குப் பதிலாக அதே வகைதான் போட வேண்டும்.

ஒரு ஆம்ப்ளிஃபையரின் சிக்னல் பாதையை இந்தப் பட்டியலின்படி சரி செய்யச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. மீதிப் பணத்தை எதில் போடுவது என்று கேட்டால், என் பதில் ஸ்பீக்கரும் ஹெட்போனும்தான். நம் கருவிகளில் மிக அதிகமாகச் சிதைப்பவை அவையே. கெபாசிட்டரால் கிடைக்கும் மாற்றத்தை அளக்கக் கருவி வேண்டும். நல்ல ஸ்பீக்கரால் கிடைக்கும் மாற்றத்தை அடுத்த அறையில் இருக்கும் உங்கள் அம்மாவே கண்டுபிடித்துவிடுவார்.